எடை இறங்காமலே இதயம் தேறுமா?

1956-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் கால்சட்டைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் அவருடைய சகாக்களும். லண்டன் பேருந்து ஊழியர்களுக்குச் சீருடை தைப்பதற்காகப் பதிந்து வைத்திருந்த இடுப்பளவுகளை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஓட்டுநர்களின் இடுப்பு நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே அதே குழு இன்னொன்றைக் காட்டியிருந்தது. நாள் முழுக்க உட்கார்ந்தபடி வண்டி ஓட்டுபவர்களைவிட, இரட்டை மாடிப் பேருந்தில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுப்பவர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் வயது தள்ளி வந்தது, அவ்வளவு கடுமையாகவும் இல்லை. நடத்துநர் ஒருவர் ஒரு வேலை நாளில் 500 முதல் 750 படிகள் ஏறினார் என்று கணக்கு. இந்தச் செய்தி வந்ததும் எல்லோருக்கும் தோன்றிய சந்தேகம் ஒன்றுதான்: ஏறி இறங்குவதால் ஆள் ஒல்லியாகிறார், ஒல்லியாக இருப்பதால் இதயம் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதானே? கால்சட்டை அளவுகள் அதற்குத்தான் தேவைப்பட்டன. ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று பிரித்து வைத்துப் பார்த்தபோதும் நடத்துநர்களுக்கே ஆபத்து குறைவாக இருந்தது. தொப்பை போட்ட நடத்துநர், தொப்பை போட்ட ஓட்டுநரைவிடப் பாதுகாப்பாக இருந்தார்.

ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆகியும் இந்தச் செய்தி நம் வீடுகளுக்குள் சரியாக வந்து சேரவில்லை. "ரெண்டு மாசமா வாக்கிங் போறேன், ஒரு கிலோகூட குறையல" என்று சலித்துக்கொண்டு நடையை நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர்! நிறுத்திய கையோடு, யாரோ சொன்னார்கள் என்று மீன் எண்ணெய் மாத்திரையோ கொழுப்பைக் கரைக்கும் பொடியோ வாங்கி வைக்கிறார்கள். இதயத்தைப் பொறுத்தவரை இது பலன் உறுதியானதை விட்டுவிட்டு உறுதியில்லாததைப் பிடிக்கும் வேலை.

எடை ஏன் இறங்கவில்லை என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. 80 கிலோ எடையுள்ள ஒருவர் முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால் 200 முதல் 250 கலோரி வரை செலவாகும். நடை முடிந்து வரும் வழியில் ஒரு மசால் வடையும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிட்டால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். எடையைக் குறைப்பது பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டில் நடக்கிற காரியம். உடற்பயிற்சியின் பலன் வேறு இடத்தில் தெரிகிறது.

எங்கே என்று பார்த்தவர்களில் கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ராஸ் முக்கியமானவர். 2000-இல் வெளியான அவருடைய சோதனையில் 52 பருமனான ஆண்கள் கலந்துகொண்டார்கள். அதில் ஒரு பிரிவினர் தினமும் உடற்பயிற்சி செய்தார்கள், ஆனால் எரித்த கலோரியைச் சாப்பிட்டு ஈடுகட்டி, எடை இறங்காமல் வேண்டுமென்றே பார்த்துக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தால் எடை அப்படியே இருக்கிறது. ஆனால் குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படிந்திருந்த கொழுப்பு குறைந்திருந்தது. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடுவதில் தோலுக்கு அடியில் கையால் பிடித்துப் பார்க்கக்கூடிய கொழுப்பைவிட இந்த உள்கொழுப்பு பொல்லாதது. ரத்தத்தில் கொழுப்பு அமிலங்களையும் அழற்சியைக் கிளறும் பொருட்களையும் இது ஓயாமல் கலந்துகொண்டே இருக்கும்.

இதயத்தின் மேலேயே நேரடியாக ஒட்டிப் படியும் கொழுப்பும் உண்டு. இதயத் தமனிகள் அதற்குள் புதைந்துதான் ஓடுகின்றன. கோபன்ஹேகனில் நடந்து 2019-இல் வெளியான ஒரு சோதனையில், வயிற்றுப் பருமன் உள்ள, உடல் உழைப்பே இல்லாத 50 பேரைச் சேர்த்து 12 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு வேகத்தை ஏற்றி இறக்கிச் சைக்கிள் மிதிக்கும் பயிற்சி, இன்னொரு பிரிவுக்கு எடை தூக்கும் பயிற்சி. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது இதயத்தின் மேல் இருந்த கொழுப்பு முதல் பிரிவில் 32 சதவீதமும் இரண்டாம் பிரிவில் 24 சதவீதமும் குறைந்திருந்தது. சிறிய சோதனைதான். ஆனாலும் வெறும் 12 வாரத்தில் இவ்வளவு என்பது கவனிக்க வேண்டியது. இதே கோபன்ஹேகன் ஆய்வில் இன்னொரு நுணுக்கம் இருந்தது. இன்டர்லூக்கின்-6 என்ற பொருளின் வேலையைத் தடுக்கும் மருந்தைச் சிலருக்குக் கொடுத்தார்கள். அவர்களும் அதே பயிற்சியைத்தான் செய்தார்கள், ஆனால் வயிற்று உள்கொழுப்பு குறையவில்லை. வேலை செய்யும் தசை அந்தப் பொருளை ரத்தத்தில் விடுகிறது. உள்கொழுப்பு கரைய அது தேவைப்படுகிறது. ஆக, தசை தன் பங்குக்கு கலோரி எரிப்பதோடு நிற்காமல் மற்ற உறுப்புகளுக்குச் செய்தியும் அனுப்புகிறது.

ரத்தக் குழாய்க்கு வருவோம். நடக்கும்போது ரத்த ஓட்டம் வேகமாகி, குழாயின் உட்சுவரை உரசிக்கொண்டு போகிறது. அந்த உரசல்தான் உட்சுவரை நைட்ரிக் ஆக்சைடு சுரக்க வைக்கிறது, குழாய் விரிந்து கொடுக்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொடர்ந்து இப்படி நடந்தால் மேல் அளவு 5 முதல் 8 புள்ளி வரை இறங்கும். ஒரு மாத்திரையின் பலனுக்குப் பக்கத்தில் வருகிற அளவு இது. டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு குறையும், இன்சுலின் சொல்வதைத் தசை கேட்கத் தொடங்கும். இவை எதுவும் எடை மெஷினில் தெரியாது.

பருமனானவர்களிடம் அடிக்கடி பார்க்கிற ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது. எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தால் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் திறன் 60 சதவீதம், நார்மல் என்று வருகிறது. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, வெயிட்ட குறைங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். சிலருக்கு உண்மையிலேயே இதயச் செயலிழப்பு இருக்கும். தள்ளுவதில் குறை இல்லை. இதயச் சுவர் விறைத்துப்போய், தளர்ந்து ரத்தத்தை உள்வாங்குவதில்தான் குறை. அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் டலேன் கிட்ஸ்மன் குழு இப்படிப்பட்ட 100 பருமனான முதியவர்களை 20 வாரம் கவனித்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டது. நடைப்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும், சாப்பாட்டை மட்டும் குறைத்தவர்களுக்கும் உடல் தாங்கும் திறன் ஏறக்குறைய ஒரே அளவு கூடியது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு அது கிட்டத்தட்ட இரட்டிப்பானது.

இந்தத் தாங்கும் திறன் சாதாரண விஷயமில்லை. டாலஸ் நகரின் கூப்பர் நிறுவனத்தில் ஸ்டீவன் பிளேர் ஆயிரக்கணக்கானவர்களை டிரெட்மில்லில் ஓடவிட்டு, பிறகு பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். பருமனாக இருந்தும் டிரெட்மில்லில் தாக்குப்பிடித்தவர்களைவிட, ஒல்லியாக இருந்தும் சீக்கிரம் களைத்தவர்களிடம் இறப்பு அதிகம். இப்படிப்பட்ட பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் வந்த தொகுப்பும், உடல் தகுதி இல்லாதவர்களுக்கு எடை எதுவானாலும் இறப்பு ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு என்றது.

இதைப் படித்துவிட்டு, நடந்தால் போதும், தொப்பை இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது. அமெரிக்காவில் சர்க்கரை நோயும் கூடுதல் எடையும் உள்ள 5,145 பேரிடம் நடந்த ‘லுக் அஹெட்’ சோதனையில், பாதிப் பேருக்கு உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் தீவிரமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். சுமார் 10 ஆண்டுகள் பார்த்தும் மாரடைப்பு, பக்கவாதம் இரண்டிலும் வித்தியாசம் தெரியாததால் 2012-இல் சோதனையை நிறுத்தினார்கள். உடற்பயிற்சியைக் கொண்டாடுகிறவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிப்போவது வழக்கம், அது சரியில்லை. இரு பிரிவினருமே நல்ல மருந்துகளில் இருந்தார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். பிற்பாடு தரவுகளை மறுபடி அலசியபோது, முதல் ஆண்டில் உடல் எடையில் 10 சதவீதம் குறைத்தவர்களுக்கு இதய ஆபத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எடையைக் குறைக்கும் செமாக்ளூடைட் ஊசியை வைத்து நடந்து 2023-இல் வந்த சோதனையும், ஏற்கெனவே இதய நோயும் கூடுதல் எடையும் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்தில் 20 சதவீதம் குறைவைக் காட்டியது. எடைக்கும் பங்கு உண்டு. அது மெல்ல வரும், சிலருக்கு மருந்தோடு வரும். நடையின் பலனுக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

நம் உடம்புக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. தெற்காசியர்களுக்கு அதே எடையில் கொழுப்பு அதிகம், தசை குறைவு. அதனால்தான் இந்திய மருத்துவர்கள் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 25-ஐத் தாண்டினாலே பருமன் என்கிறார்கள், உலக அளவில் அது 30. இடுப்பளவில் எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வந்தது. அதன்படி 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன். அதே ஆய்வின் முதல் கட்டத்தில், தமிழ்நாடு உட்பட நான்கு இடங்களில் எடுத்த கணக்கில், பாதிக்கு மேற்பட்டவர்கள் போதிய உடல் உழைப்பு இல்லாதவர்கள். பொழுதுபோக்காகவாவது உடற்பயிற்சி செய்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு.

மாத்திரைப் பக்கம்

இனி மருந்துக்கடையின் கண்ணாடி அலமாரிக்கு வருவோம். முதலில் மீன் எண்ணெய். கிரீன்லாந்தின் இனுயிட் மக்களை 1970-களில் ஆராய்ந்த பாங், டையர்பெர்க் என்ற டென்மார்க் மருத்துவர்களிடமிருந்துதான் அந்தக் கதை தொடங்கியது. கடல் உணவாகவே சாப்பிடும் அவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. அவர்களுடைய ரத்தக் கொழுப்பை நன்றாகத்தான் அளந்தார்கள். மாரடைப்பு உண்மையிலேயே குறைவா என்பதை அவர்கள் நேரடியாக ஆராயவில்லை என்று 2014-இல் கனடா ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். அதற்குள் வியாபாரம் வளர்ந்துவிட்டது. 2018-இல் வந்த ‘அசென்ட்’ சோதனையில் சர்க்கரை நோயாளிகள் 15,480 பேர், அதே ஆண்டின் ‘வைட்டல்’ சோதனையில் 25,871 பேர். தினம் 1 கிராம் மீன் எண்ணெய் இதய நோயைத் தடுக்கும் என்பதை இரண்டுமே காட்டவில்லை. ‘வைட்டல்’ வைட்டமின் டி-யையும் சேர்த்தே சோதித்தது, இதயத்துக்கு அதனாலும் லாபமில்லை.

வேறு மாதிரி முடிவு வந்த சோதனையும் உண்டு. டிரைகிளிசரைடு அதிகமுள்ளவர்களுக்குச் சுத்திகரித்த ஈபிஏ-வை (மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களில் ஒன்று, டிஎச்ஏ இன்னொன்று) மருந்தாகத் தினம் 4 கிராம் கொடுத்தபோது இதய நிகழ்வுகள் 25 சதவீதம் குறைந்தன. ஒப்பீட்டுக்குக் கொடுத்த கனிம எண்ணெய் தன் பங்குக்குக் கெடுதல் செய்து வித்தியாசத்தைப் பெரிதாக்கியிருக்கலாம் என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அது கிடக்கட்டும். கடையில் வாங்கும் ‘1000 மில்லிகிராம்’ மீன் எண்ணெய் மாத்திரை டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் ஈபிஏ 180, டிஎச்ஏ 120 மில்லிகிராம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்தச் சோதனை அளவைத் தொட ஒரு நாளைக்கு இருபதுக்கு மேல் விழுங்க வேண்டும். விழுங்கினால் வேறு வம்பு வரும். ஒமேகா-3 மாத்திரைகள் இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறைக் கூட்டுகின்றன என்று 2021-இல் ஒரு தொகுப்பாய்வு காட்டியது. அளவு கூடக்கூட ஆபத்தும் கூடியது. பருமன் ஏற்கெனவே அந்தக் கோளாறுக்கு வழி வைக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் மத்தி, கானாங்கெளுத்தி என்று குழம்பு வைத்துச் சாப்பிடுவது மலிவும்கூட.

பூண்டு, மஞ்சள், பட்டை விஷயம் நம் ஊருக்கு நெருக்கமானது. கிளீவ்லாந்து கிளினிக் 2022-இல் வெளியிட்ட சோதனையில் இந்த மூன்றின் மாத்திரைகளோடு மீன் எண்ணெய், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி என மொத்தம் ஆறு சப்ளிமென்ட்களை, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராம் மாத்திரையோடும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடும் ஒப்பிட்டார்கள். 28 நாளில் ஸ்டாட்டின் கெட்ட கொலஸ்ட்ராலை 38 சதவீதம் போல இறக்கியது. ஆறில் ஒன்றுகூட வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. பூண்டு எடுத்தவர்களுக்குச் சற்று ஏறவே செய்தது. அந்த ஸ்டாட்டினைத் தயாரிக்கும் நிறுவனமே இந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். ரசத்தில் தட்டிப் போடும் பூண்டைப் பற்றி யாரும் இங்கே எதுவும் சொல்லவில்லை. மாத்திரையாக அடைத்து, இதயத்துக்கு மருந்து என்று விற்பதைப் பற்றித்தான் பேச்சு. மஞ்சளும் அப்படியே. குழம்பில் ஒரு சிட்டிகை வேறு, மிளகுச் சத்து சேர்த்து உடல் அதிகம் உறிஞ்சும்படி செய்த செறிவூட்டப்பட்ட மாத்திரை வேறு. அதனால் கல்லீரல் கெட்டவர்களை அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

உடற்பயிற்சியும் மாத்திரையும் நேருக்கு நேர் மோதிய சோதனை ஒன்றும் உண்டு. 2009-இல் ஜெர்மனியின் மைக்கேல் ரிஸ்டோ குழு, இளைஞர்களை நான்கு வாரம் பயிற்சி செய்யவைத்து, பாதிப் பேருக்கு வைட்டமின் சி 1,000 மில்லிகிராமும் வைட்டமின் இ 400 அலகும் தினமும் கொடுத்தது. மாத்திரை எடுக்காதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. எடுத்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை. பயிற்சியின்போது தசையில் உண்டாகும் ஆக்சிஜன் கழிவுகளைக் கெட்டது என்று நினைத்து மாத்திரையால் துடைத்தெடுக்கிறோம். தசை தன்னைப் பலப்படுத்திக்கொள்ள அந்தக் கழிவையே அடையாளமாக எடுத்துக்கொள்கிறது போலும். அந்தச் சோதனையில் இருந்தவர்கள் பருமனானவர்கள் அல்லர், பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒத்துப்போகவும் இல்லை. ஆனாலும் நடையோடு இப்படிக் கழிவைத் துடைக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையும் சேர்ந்தால் பலன் இரட்டிப்பு என்ற விளம்பரக் கணக்கை நம்ப எனக்கு மனம் வரவில்லை. வைட்டமின் இ-யைத் தனியாகப் பல ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த ‘ஹோப்’ சோதனையின் நீட்சியில் இதயச் செயலிழப்பு கூடியதாகவே 2005-இல் தெரிந்தது.

பயப்பட வேண்டியவை எடைக்குறைப்புப் பொடிகள்தாம். கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் மீன் குழம்பில் போடும் குடம்புளி, ‘கார்சினியா’ என்ற பெயரில் உலகம் முழுக்க மாத்திரையாக விற்கிறது. 1998-இல் நியூயார்க்கில் 135 பேரிடம் 12 வாரம் சோதித்தபோது வெற்று மாத்திரையைவிட அதிகமாக எடை குறையவில்லை. குடம்புளியாவது குழம்புக்கு ஆகும். எபெட்ரா என்ற மூலிகை, 2003-இல் அமெரிக்க பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லரின் சாவோடு பேசப்பட்டு, அடுத்த ஆண்டு அங்கே தடைசெய்யப்பட்டது. சிபுட்ரமின் என்ற பசி அடக்கும் மருந்து மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று 2010-இல் உறுதியானதும் பல நாடுகளில் விலக்கினார்கள், இந்தியா 2011-இல் தடை செய்தது. ஆனால் அது ஒழியவில்லை. ‘முழுக்க முழுக்க மூலிகை’ என்று எழுதிய டப்பாக்களுக்குள் போய் ஒளிந்துகொண்டது. 2007 முதல் 2016 வரை அமெரிக்க அரசு கண்டுபிடித்த 776 கலப்படச் சப்ளிமென்ட்களில் எடைக்குறைப்பு வகை ஐந்தில் இரண்டு பங்கு, அவற்றில் பெரும்பாலும் இதே சிபுட்ரமின். ஒரு பொடியைத் தொடங்கிய சில நாளில் பசி சட்டென்று போய், வாய் உலர்ந்து, தூக்கம் கெட்டு, நெஞ்சு படபடத்தால் அது மூலிகையின் மகிமை என்று எண்ணாமல், நிறுத்திவிட்டு பிபி பார்க்க வேண்டும். இந்தியாவில் சப்ளிமென்ட் டப்பாவில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட்டே ஆக வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. விளம்பரத்தில் வருகிற டாக்டர் கோட்டுக்கு அந்த வரி தெரியாது.

எல்லாமே வீண் என்று சொல்ல வரவில்லை. இசப்கோல் என்ற நார்ச்சத்து கெட்ட கொலஸ்ட்ராலை 5 முதல் 10 சதவீதம் வரை குறைக்கும். நிறைய தண்ணீரோடு, மற்ற மாத்திரைகளிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு நீண்ட நாள் மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்களுக்கும் சைவர்களுக்கும் வைட்டமின் பி12 குறையலாம்; ரத்தத்தில் பார்த்துவிட்டு மாத்திரை போடுவதில் அர்த்தமுண்டு. அது இதயத்தைக் காக்க அல்ல, குறையை நிரப்ப.

தொடங்கும்போது

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. இதில் இரண்டாவதைத்தான் நம் ஊர் வாக்கிங் கூட்டம் மறந்துவிடுகிறது. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர் நிறைத்த பாட்டிலைத் தூக்குவது போதும். முட்டி வலிக்காரர்களுக்குச் சைக்கிளும் நீச்சலும் நடையைவிட இதம். எவ்வளவு வேகம் என்று கேட்டால், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு அதிகம் ஏறாது என்பதால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணைவிட இந்தக் கணக்கே நம்பகமானது. இன்சுலின் போடுகிறவர்கள் சட்டைப்பையில் மிட்டாய் வைத்துக்கொள்ள வேண்டும், வெறுங்காலோடு நடக்கக் கூடாது.

ஜனவரி முதல் தேதி ஜிம்மில் சேர்ந்து முதல் நாளே முழு வேகத்தில் ஓடுவது மட்டும் வேண்டாம். 1993-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உடல் உழைப்பே இல்லாதவர்கள் திடீரென்று கடுமையாக உழைத்தால் அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நேரத்தைவிட 107 மடங்கு என்று தெரிந்தது. வாரத்துக்கு ஐந்து நாளாவது பழகியவர்களுக்கு அது 2.4 மடங்குதான். அந்த ஒரு மணி நேரத்துக்கான ஆபத்து அடிப்படையில் மிகச் சிறியது என்பதால் மிரளத் தேவையில்லை, ஆனால் பத்து நிமிடத்தில் தொடங்கி வாரம் ஐந்து நிமிடம் கூட்டினால் போதும். நடக்கும்போது நெஞ்சை அழுத்துவதுபோல் இருந்து, தாடைக்கோ இடது கைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் அங்கேயே உட்கார்ந்து 108-ஐக் கூப்பிட வேண்டும். ‘கேஸ்’ என்று நினைத்து சோடா குடித்துவிட்டுக் காத்திருக்கும் ஒரு மணி நேரத்தில்தான் நிறைய இதயத்தசை செத்துப்போகிறது.